தோலுக்கு மூன்று பொருள் போதும்

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் வழக்கமாக ஒரு வேண்டுகோள் விடுப்போம். வீட்டில் தோலுக்கென்று பயன்படுத்தும் பொருள்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்பதே அது. பல நேரங்களில் நோயின் காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றிலிருந்து, நாற்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் தம் மாமியாரை அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைச் சற்று மாற்றியுள்ளோம்.) மாமியாருக்கு வலது காலில் பல ஆண்டுகளாக யானைக்கால் வீக்கம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை குளிர்க்காய்ச்சல் கண்டு, கால் சிவந்து, ஒரு வாரம் எழுந்திருக்க இயலாமல் படுத்துவிடுவார். காலைப் பரிசோதித்து முடித்த பிறகுதான் மருமகளின் முகத்தைக் கவனித்தோம். கன்னங்கள் செக்கச் சிவந்திருந்தன. வெயிலில் நின்றால் முகம் தீயாய் எரிவதாகவும், அதனால் இரண்டு மாதங்களாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போகவில்லை என்றும் அவர் கூறினார். கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்தில் இரண்டு மாத வருமான இழப்பு பெரிய இழப்பு.

மறுமுறை அவர் பையுடன் வந்தார். அதில் ஒன்பது பொருள்கள் இருந்தன: வாசனைச் சோப்பு, கிருமிநாசினிச் சோப்பு, முகம் கழுவும் திரவம், பீர்க்கங்காய் நார், கடலை மாவும் மஞ்சளும் கலந்த பொடி, எலுமிச்சம்பழம், சிவப்பழகு தரும் என்ற விளம்பரத்துடன் விற்கும் களிம்பு, முகப்பவுடர், எழுத்து அழிந்துபோன சிறு டியூப் ஒன்று. இத்தனை செய்தும் முகம் தேறவில்லையே என்பது அவரது வருத்தம். இத்தனை செய்ததால்தான் தேறவில்லை என்பதை அவருக்கு விளக்க முயன்றோம். அந்த விளக்கத்தையே இக்கட்டுரையில் உங்களுக்கும் தருகிறோம்.

தோல் என்னும் மதில்

தோலின் மிக மேற்புறத்தில் உள்ள கொம்புப் படலம் ஒரு காகிதத்தின் தடிமன்கூட இல்லாதது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரைதான். ஆயினும் உடலுக்குள் இருக்கும் நீரை வெளியேறாமல் காப்பதும், வெளியில் இருக்கும் கிருமியையும் இரசாயனத்தையும் உள்ளே விடாமல் தடுப்பதும் அதுவே. செங்கல்லும் காரையும் கொண்டு எழுப்பிய மதிலை எண்ணிப் பாருங்கள். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் காரை. காரை உதிர்ந்தால் மதில் விரிசல் விடும். நீர் வெளியேறித் தோல் வறளும். எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே புகுந்து அரிப்பும் சிவப்பும் உண்டாகும்.

இந்த மதிலுக்குத் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் உண்டு. கீழடுக்கில் பிறக்கும் செல் மேலே ஏறி உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அதாவது தோல் ஒவ்வொரு மாதமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அந்த வேலைக்கு இடையூறு செய்யாதிருப்பதுதான் தோல் பராமரிப்பின் முதல் விதி. தினமும் நாரால் தேய்ப்பதும், வாரம் ஒரு புதிய களிம்பை மாற்றிப் பூசுவதும், காரை காய்வதற்கு முன்பே அதைச் சுரண்டி எடுப்பதற்கு ஒப்பாகும்.

யானைக்கால் கற்றுத்தந்த பாடம்

சோப்பும் தண்ணீரும் துண்டும் மட்டுமே கொண்டு என்ன சாதிக்க முடியும் என்று ஐயுறுவோருக்கு, யானைக்கால் நோயின் வரலாறே விடை சொல்லும். இந்நோயில் புதுச்சேரிக்கு நீண்ட அனுபவம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ஆம் ஆண்டு இங்கு நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெரும் திட்டமொன்று 1981 முதல் புதுச்சேரியில் நடைபெற்றது.

யானைக்கால் நோயாளிகளைப் பெரிதும் வாட்டுவது வீக்கத்தைவிட, அடிக்கடி வரும் குளிர்க்காய்ச்சலும் வலியும்தான். அமாவாசை, பௌர்ணமிகளில் அது வருவதாக நம்புவோரும் உண்டு. புழு கிளம்புவதால் வருகிறது என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் கருதியது. 1990-களில் பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெருசா டிரையரும் அவருடன் பணியாற்றியோரும் வேறொன்றைக் கண்டனர். கால்விரல் இடுக்கில் உள்ள சேற்றுப்புண், நகச்சுற்று, சிறு கீறல், வெடிப்பு ஆகியவற்றின் வழியாகச் சாதாரண பாக்டீரியாக்கள் நுழைவதே இத்தாக்குதல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பதே அது. வாசலை அடைத்தால் திருடன் நுழைய மாட்டான். நாள்தோறும் காலை மென்மையாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெடிப்பைக் கவனித்து வந்தவர்களுக்குத் தாக்குதல்கள் குறைந்தன. இன்று உலக சுகாதார நிறுவனமும் யானைக்கால் பராமரிப்பின் அடித்தளமாக இதையே பரிந்துரைக்கிறது.

எனவே மருமகளுக்குக் காலைக் கழுவும் முறையைக் கற்றுக்கொடுத்தோம். வீட்டில் யானைக்கால் நோயாளி இருந்தால் நீங்களும் பின்பற்றலாம்:

1. கழுவத் தொடங்கும் முன் உங்கள் கைகளைக் கழுவுங்கள். விரலிடுக்கிலும் தோல் மடிப்பிலும் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.
2. வெந்நீர் வேண்டாம், சாதாரண வெப்பநிலையில் உள்ள சுத்தமான தண்ணீர் போதும்.
3. மென்மையான சோப்பைக் கையில் குழைத்து, முழங்காலிலிருந்து பாதம் வரை கையாலோ மெல்லிய துணியாலோ கழுவுங்கள். விரலிடுக்குகளை விட்டுவிடாதீர்கள். நாரும் தூரிகையும் கூடாது.
4. ஊற்றும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.
5. சுத்தமான பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். விரலிடுக்குகளைச் சிறு துணியால் தனித்தனியே உலர்த்துங்கள்.
6. மருத்துவர் தந்த களிம்பைப் புண் உள்ள இடத்தில் மட்டும் இடுங்கள்.
7. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வெளியே செல்லும்போது இறுக்கமில்லாத காலணி அவசியம்.

இதைக் கற்றுக்கொண்டவரிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம்: "உங்கள் மாமியாரின் காலைப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பீர்களா, அம்மா?"

"ஐயோ, தோல் உரிஞ்சி மறுபடியும் காய்ச்சல் வந்துடுமே, டாக்டர்" என்றார் அவர். சொன்னவர் சற்று நேரம் தம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலுக்குக் காட்டும் பதத்தை உங்கள் முகத்துக்கும் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னோம்.

முதற்பொருள்: மென்மையான சோப்பு

நலமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. அதன் அமில அளவு பெரும்பாலும் 5-க்கு அருகில் இருக்கும். நாம் வாங்கும் சாதாரணக் குளியல் சோப்புகள் காரத்தன்மை உடையவை. அவற்றின் அளவு 9 முதல் 10 வரை. ஒவ்வொரு முறை சோப்பிடும்போதும் தோலின் இயல்பு நிலை குலைந்து, மீண்டுவரச் சில மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் நான்கைந்து முறை சோப்பிட்டு முகம் கழுவுவோரின் தோல் மீள்வதே இல்லை.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். சோப்பில் அடங்கிய மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். அளவு குறையக் குறைய நிரப்புப் பொருள்கள் கூடும். எனினும் முதல் தரச் சோப்பும் காரத்தன்மை உடையதே என்பதை மறவாதீர்கள். கரப்பான், கடும் வறட்சி உள்ளவர்களுக்குச் சோப்புக் கலவாத கழுவுபொருளை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். மற்றவர்களுக்கு வாசனையும் நிறமும் குறைந்த எளிய சோப்பு போதும்.

நாள் ஒன்றுக்கு ஒரு முறை, வயல் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு முறை குளித்தால் போதுமானது. அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குச் சோப்பு தேவை. கைகால்களின் மற்றப் பகுதிகளுக்குத் தினமும் தேவையில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் ஊர்களில் சோப்பு எளிதில் நுரைக்காது. தோலில் ஒரு படிவும் தங்கிவிடும். அங்கே சோப்பைக் கூட்டாமல், அலசும் தண்ணீரைக் கூட்டுங்கள். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் கலக்க வேண்டியதில்லை. தோலில் எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் அது இடம் தரும்.

பாசிப்பயற்று மாவும் நலங்கு மாவும் நம் மரபில் வந்தவை. நன்கு சலித்த மாவை வாரம் ஒரு முறை, தேய்க்காமல் பயன்படுத்துவதில் நலமான தோலுக்குத் தீங்கில்லை. ஆனால் சிவந்து எரியும் முகத்தில் அவை கூடா. எலுமிச்சைச் சாற்றை எப்போதும் முகத்தில் பூசாதீர்கள். அதன் அமிலம் தோலைப் புண்ணாக்கும். பூசிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் தோன்றலாம்.

இரண்டாம் பொருள்: ஈரம் காக்கும் பூச்சு

குளித்து முடித்து, தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள், ஏதேனும் ஒரு பூச்சை இட வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய், பித்தவெடிப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி, முகத்துக்கு வாசனையற்ற எளிய ஈரப்பதக் களிம்பு என்பவை பெரும்பாலோருக்கு ஏற்றவை. கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் பிலிப்பைன்சில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. எட்டு வாரப் பயன்பாட்டில், கனிம எண்ணெயைவிட வடிகட்டாத தூய தேங்காய் எண்ணெய் கூடுதல் பலன் தந்ததாக அது காட்டியது. நம் பாட்டிமார் அறிந்திருந்ததற்கு அது ஒரு சான்று. ஆயினும் முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெய் தடவ வேண்டாம், பரு கூடும்.

மூன்றாம் பொருள்: வெயிலுக்குத் துணி

வயலில் நாள் முழுதும் நிற்பவருக்கு முழுக்கைச் சட்டையும், தலையையும் கன்னத்தையும் மறைக்கும் பருத்தித் துண்டும் முதன்மையான பாதுகாப்பு. நம் பெண்கள் புடவையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து நடவு நடுவது மருத்துவ நோக்கிலும் மிகச் சரியான பழக்கம். மங்கு உள்ளவர்களும், வெயில் பட்டால் எரிச்சல் காண்பவர்களும் எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள வெயில் தடுப்புக் களிம்பைக் கூடுதலாகப் பூசலாம். துணியைக் கைவிட்டுக் களிம்பை மட்டும் நம்ப வேண்டாம். வியர்வையில் அது கரைந்துபோகும்.

எழுத்து அழிந்த டியூப்

ஒன்பது பொருள்களில் பெருந்தீங்கு செய்தது அந்தச் சிறு டியூப்தான். மங்குக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்ல, மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கியிருக்கிறார். முதல் மாதம் முகம் தெளிந்தது. நிறுத்தியதும் சிவந்து எரிந்தது. மீண்டும் பூசினார், அடங்கியது. இப்படியே ஓராண்டு கடந்துவிட்டது.

அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. 1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சு பயனளிப்பதாக அறிவிக்கப்பட்டது முதல், கரப்பான் போன்ற நோய்களுக்கு அது பெருந்துணையாக இருந்து வருகிறது. உரிய நோய்க்கு, உரிய இடத்தில், உரிய நாள்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் மதில் மெலிந்து இரத்த நாளங்கள் வெளியே தெரியும்; பருவும் முடியும் முளைக்கும்; நிறுத்தினால் எரியும். படர்தாமரையில் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றி, உள்ளே பூஞ்சை பரவும்.

நம் நாட்டில் இது அரிதான செய்தி அன்று. முகத்தோல் சிக்கலுடன் 12 மையங்களுக்கு வந்த 2,926 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில், முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தனர். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு, இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கான கட்டுப்பாட்டை இறுக்கியது. எனினும் விழிப்பாக இருக்க வேண்டியவர்கள் நாமே. டியூப்பில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளோசினோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. எழுத்துகளை வாசிக்க இயலாதபோது படிக்கும் பிள்ளைகளிடம் காட்டுங்கள். நீண்ட நாள் பூசி வருவோர் தாமாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். டியூப்புடன் எங்களிடம் வாருங்கள்; படிப்படியாக விடுவிக்க வழி உண்டு.

பராமரிப்போர் கவனத்திற்கு

பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாதிருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற படிவு அழுக்கு அன்று; இயற்கை தந்த முதல் களிம்பு அது.

முதியோரின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைவு. மாசி பிறந்தும் பனி விலகாத நாள்களில் அவர்களுக்கு வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் வறட்சியே காரணம். சோப்பைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டிப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவரின் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் தினமும் பாருங்கள். அங்கே மாறாத சிவப்பு தென்பட்டால் படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று கொள்ளுங்கள்.

நீரிழிவு நோயாளியின் பாதத்தை இரவுதோறும் சோதியுங்கள். பாதத்தின் மேலும் கீழும் பூச்சு இடலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கக் கூடாது. சேற்றில் நின்று திரும்பியவர்களும் விரலிடுக்கை உலர்த்துவதை நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டும்.

உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், இரண்டு வாரங்களில் ஆறாத புண், நாளுக்கு நாள் பரவும் படை, குளிர்க்காய்ச்சலுடன் கால் சிவத்தல், வீட்டில் பலருக்கும் இரவில் கூடும் அரிப்பு ஆகியவற்றுக்குக் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்பது மூன்றான பிறகு

அந்தப் பெண்மணியின் பையிலிருந்து ஒன்பது பொருள்களையும் விலக்கி, ஒரு சோப்பு, ஒரு ஈரப்பதக் களிம்பு, ஒரு பருத்தித் துண்டு என மூன்றைக் கொடுத்தோம். ஸ்டீராய்டிலிருந்து மீள்வதற்கான மருந்தைச் சில வாரங்களுக்குத் தனியே தந்தோம். முதல் மாதம் கடினமாகவே இருந்தது. எரிச்சல் கூடியபோது பழைய டியூப்பை மீண்டும் வாங்கிவிடலாமா என்று தோன்றியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஐந்து மாதங்களில் சிவப்பு தணிந்தது. மங்கு முற்றிலும் போகவில்லை. போகும் என்று நாங்கள் உறுதி கூறவும் இல்லை. அடுத்த நடவுக்கு அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். அவர் மாமியாருக்கு அதன்பின் வந்த ஓராண்டில் ஒரே ஒரு முறைதான் காய்ச்சல் கண்டது.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது உங்கள் பையையும் எடுத்து வாருங்கள். அதில் எவை தேவை, எவை தேவையில்லை என்று சேர்ந்து பார்ப்போம்.